கல்விக்குப் படி அமைத்த பெரியார் கொமேனியஸ்

புதிய வகுப்புத் தொடங்கும் நாளிலே நம் பிள்ளைகள் புதிய புத்தகங்களைச் சுமந்துகொண்டு வீடு வருகின்றனர். சரித்திரத்துக்கு ஒன்று, பூமிசாத்திரத்துக்கு ஒன்று, இலக்கியத்துக்கு ஒன்று, சமயத்துக்கு ஒன்று என அவை பலவாக இருக்கின்றன. அவற்றை வாங்கிப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர் விலையைக் கேட்கின்றனர். பரீட்சை எப்போது என்று கேட்கின்றனர். ஆயின் ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தப் பாடம் ஏன் ஆறாம் வகுப்பிலே வந்தது? ஏன் ஒன்பதாம் வகுப்பிலே வரவில்லை? சென்ற ஆண்டு பிள்ளை படித்ததற்கும் இவ்வாண்டு படிக்கப்போவதற்கும் தொடர்பு யாது?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு பெரியாரை நம் வாலிபர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். அவர் பெயர் யோவான் ஆமோஸ் கொமேனியஸ் என்பது. ஆசிரியர் கலாசாலைகளிலே பயின்றோர் அப்பெயரைக் கேட்டிருப்பர். ஏனையோருட் பலர் கேட்டிருக்கமாட்டார். அவர் நம் நாட்டவருமல்லர், நம் சமயத்தவருமல்லர். கிறிஸ்தவருள்ளே மிகச் சிறியதொரு பிரிவின் குருவாக இருந்தவர். எனினும் கல்வியைப் பற்றி அவர் எண்ணியவை ஒரு நாட்டுக்கோ ஒரு சமயத்துக்கோ மட்டும் உரியன அல்ல. நல்லது எத்திசையிலிருந்து வரினும் ஏற்றுக்கொள்வது நம் முன்னோர் காட்டிய வழியாதலின், அவர் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துக் கூறத் துணிந்தோம்.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாவின் நடுவிலே மொறாவியா என்றொரு நாடு உண்டு. அது பொகீமியாவை அடுத்தது. இரண்டும் செக் மொழி வழங்கும் நாடுகள். அந்த மொறாவியாவிலே 1592ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் தேதி கொமேனியஸ் பிறந்தார். பன்னிரண்டு வயதளவிலே தந்தையை இழந்தார். தாயும் உடன்பிறந்தாருட் சிலரும் அதனையடுத்துக் காலமாயினர். பெற்றோர் வைத்துச்சென்ற பொருள் பிறர் கையிலே கரைந்தது. பிள்ளையின் கல்வியைப் பற்றிக் கவலை கொள்வார் எவருமிலர்.

ஆகையாலே, மேற்படிப்புக்கு வாயிலாக அக்காலத்திலிருந்த இலத்தீன் பள்ளியிலே அவர் சேர்ந்தது 1608ஆம் ஆண்டில், பதினாறாவது வயதிலேதான். மற்றப் பிள்ளைகள் பால பருவத்திலே சேரும் வகுப்புக்கு இவர் மீசை அரும்பும் பருவத்திலே போய்ச் சேர்ந்தார். இது ஒரு குறையெனவே எவரும் எண்ணுவர். அக்குறையே பின்னர் உலகத்துக்குப் பெருநன்மையாக முடிந்தது. சிறு பிள்ளை தனக்கு விளங்காத பாடத்தைத் தன் அறிவின்மையென்று நினைத்துக்கொள்ளும். வளர்ந்த மாணாக்கனோ கற்பிக்கும் முறையிலே பிழை எங்கே உள்ளது என்று காண்பான். தாய்மொழியிலே பொருள் தெரியாத இலக்கண விதிகளை இலத்தீன் மொழியிலேயே மனனம் பண்ணவேண்டியிருந்ததையும், உலகப் பொருள் ஒன்றையேனும் கண்ணாற் பாராமற் சொற்களை மட்டுமே ஆண்டுக்கணக்காகக் கட்டியழவேண்டியிருந்ததையும், தவறினாற் பிரம்படி விழுந்ததையும் கொமேனியஸ் நன்கு கவனித்தார்.

பின்பு யேர்மனி தேசத்துக்குச் சென்று கேர்போன், கைதல்பேர்க்கு என்னும் நகரங்களிலே உயர்கல்வி பயின்றார். கேர்போனிலே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் ஒருவர் அல்ஸ்ரெட் என்பவர். கலைகள் யாவற்றையும் ஒரே நூலிலே ஒழுங்குபடத் தொகுக்க முயன்றவர் அவர். எல்லா அறிவும் ஒன்றோடொன்று இணைந்தது என்னும் எண்ணம் கொமேனியஸின் உள்ளத்திலே அங்கே வேரூன்றியது. 1614இலே ஊர் திரும்பித் தாம் பயின்ற பழைய பள்ளியிலேயே ஆசிரியராக அமர்ந்தார். 1616இலே குருப்பட்டம் பெற்றார். 1618இலே புல்னெக் என்னும் ஊரிலே குருவாகவும் பள்ளித் தலைவராகவும் பணியேற்றார். மனைவியோடும் மக்களோடும் அமைதியாக வாழ்ந்த காலம் அது ஒன்றே எனலாம்.

போரும் பிரிவும்

அவர் புல்னெக்குக்குச் சென்ற அதே ஆண்டிலே முப்பது ஆண்டுப் போர் என்று சரித்திர நூல்கள் கூறும் பெரும்போர் மூண்டது. 1620ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் தேதி பிராக் நகருக்கு அண்மையிலே வெண்மலை என்னுமிடத்தில் நிகழ்ந்த சண்டையிலே செக் மக்களின் படை தோற்றது. வென்ற அரசர் கத்தோலிக்கர். தோற்றவருட் பெரும்பாலோர் அச்சபையைச் சேராதவர். மறு ஆண்டிலே புல்னெக் சூறையாடப்பட்டது. கொமேனியஸ் ஒளிந்து உயிர்தப்பினார். 1622இலே கொள்ளைநோய் அவருடைய இளம் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொண்டுபோயிற்று. அவர் அரிதிற் சேர்த்த புத்தகங்களும் தீக்கிரையாயின.

முப்பது வயதிலே வீடில்லை, மனைவி மக்கள் இல்லை, தொழில் இல்லை. பிரபு ஒருவரின் நிலங்களிலே மறைந்து திரிந்தார். அரசரின் சமயத்தை ஏற்காதவர் நாட்டைவிட்டு நீங்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தபின், 1628ஆம் ஆண்டு மாசிக் குளிரிலே தம் மக்களோடு மலைகடந்து போலந்து தேசத்திலுள்ள லெஸ்னோ என்னும் நகரை அடைந்தார். தாய்நாட்டை அதன்பின் அவர் மீளக் குடியேறிக் காணவேயில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நாடிழந்த ஒருவர் எதனை முதலிலே எண்ணுவார்? படை திரட்டுவதை எண்ணலாம்; பழி வாங்குவதை எண்ணலாம். கொமேனியஸ் எண்ணியது பள்ளிக்கூடத்தை. தம் மக்கள் ஒருநாள் ஊர் திரும்புவர் என்று அவர் நம்பினார். திரும்பும்போது வீடுகள் இடிந்திருக்கும், கோயில்கள் பூட்டியிருக்கும், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கல்வியின்றி வளர்ந்திருப்பர். அந்நாளிலே முதற்பணி பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதேயாகும். அதற்கு வேண்டிய திட்டம் இப்போதே ஆயத்தமாக வேண்டும் என்று கருதினார். அக்கருத்தோடு அவர் தம் தாய்மொழியாகிய செக் மொழியிலே எழுதத் தொடங்கிய நூலே பெரும் போதனா நூல். பின்னர் அதனைத் தாமே இலத்தீன் மொழியிலே விரித்தெழுதினார். அது 1657ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது.

நான்கு பள்ளிகள்

அந்நூலிலே மனிதனின் முதல் இருபத்துநான்கு ஆண்டுகளையும் அவர் நான்காகப் பகுத்தார். ஒவ்வொன்றும் ஆறாண்டு. முதலாறு ஆண்டுகளுக்குத் தாயின் மடியே பள்ளி. அது வீடுதோறும் இருக்க வேண்டும். ஆறு முதற் பன்னிரண்டு வரை தாய்மொழிப் பள்ளி. அது ஊர்தோறும் இருக்க வேண்டும். பன்னிரண்டு முதற் பதினெட்டு வரை இலத்தீன் பள்ளி. அது நகர்தோறும் இருக்க வேண்டும். பதினெட்டு முதல் இருபத்துநான்கு வரை சர்வகலாசாலையும் தேச சஞ்சாரமும். அது நாடுதோறும் இருக்க வேண்டும்.

செல்வர் பிள்ளைகளும் ஏழைகளின் பிள்ளைகளும், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பள்ளிக்கு அனுப்பப்படல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு எழுத எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அந்நாளிலே ஐரோப்பாவிலே பெரும்பாலான பெண்பிள்ளைகள் பள்ளிவாசலை மிதித்ததேயில்லை.

இந்நான்கு பள்ளிகளிலும் கற்பிக்கப்படும் பொருள் வேறு வேறன்று என்பதே அவர் கொள்கையின் உயிர்நிலை. தாய்மடியிலிருக்கும் குழந்தைக்கும் சரித்திரம் உண்டு. நேற்று நடந்ததையும் சென்ற ஆண்டு நடந்ததையும் நினைவிற் கொள்வதே அதன் சரித்திரம். அதற்குப் பூமிசாத்திரமும் உண்டு. வீடு, முற்றம், வயல், ஆறு, மலை ஆகியவற்றை வேறுபிரித்தறிவதே அது. பின்வரும் பள்ளிகளிலே அவ்வறிவே விரிகின்றது. மரமானது ஆண்டுதோறும் புதிய வேரும் புதிய அடிமரமும் கொள்வதில்லை. முன்னிருந்த மரத்திலேயே கிளைகள் பெருகுகின்றன. கல்வியும் அவ்வாறே வளர வேண்டும் என்பது அவர் கருத்து. முதல் வகுப்பிலே கற்பது பின்வருவதன் ஒரு துண்டாக இராமல், முழுவதன் சிறிய வடிவமாக இருத்தல் வேண்டும். பாதியிலே படிப்பை நிறுத்த நேர்ந்த ஏழைப்பிள்ளையும் அப்போது வெறுங்கையோடு வீடு செல்லமாட்டான்.

ஆறு வகுப்புகளும் ஆறு சரித்திரங்களும்

நம் கால மேற்பிரிவுப் பாடசாலைகளுக்கு நேரானது அவர் கூறிய மூன்றாவது பள்ளி. அதனை அவர் ஆறு வகுப்பாக வகுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெயரிட்டார். முதலாவது இலக்கண வகுப்பு. இரண்டாவது இயற்கைப் பொருளை ஆராயும் வகுப்பு. மூன்றாவது கணித வகுப்பு. நான்காவது ஒழுக்க நூல் வகுப்பு. ஐந்தாவது தருக்க வகுப்பு. ஆறாவது சொல்வன்மை வகுப்பு.

இவ்வரிசை நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அக்காலத்துப் பண்டிதர்களுக்கோ இது தலைகீழாகத் தோன்றியது. இலக்கணம் முடிந்ததும் தருக்கமும் சொல்வன்மையும் கற்பிப்பதே பழைய வழக்கம். இயற்கையும் கணிதமும் அவற்றின் பின்னரே வரும். கொமேனியஸ் இதனை மறுத்தார். அறியாத பொருளைப் பற்றி எவ்வாறு வாதிப்பது? உள்ளத்திலே சரக்கில்லாதவன் அழகாகப் பேசக் கற்பதால் விளையும் பயன் யாது? ஆகவே மாணாக்கன் முதலிலே உலகத்தைக் காணட்டும், பின்பு அளக்கட்டும், அதன்பின் மனிதன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்று எண்ணட்டும், எண்ணியதை ஆராயட்டும், ஈற்றிலே அதனைப் பிறர் ஏற்குமாறு எடுத்துரைக்கட்டும் என்று ஒழுங்கு செய்தார்.

இதனினும் சிறந்தது சரித்திரத்துக்கு அவர் கொடுத்த இடம். சரித்திரத்தை ஒரு வகுப்புக்குள்ளே அடைத்துவிடாமல், ஆறு வகுப்புகளிலும் மாலையிலே நூல்போல ஓடவிட்டார். முதலாம் வகுப்பிலே வேதாகம சரித்திரச் சுருக்கம். இரண்டாம் வகுப்பிலே இயற்கைப் பொருள்களின் வரலாறு. மூன்றாம் வகுப்பிலே கைத்தொழில்களும் கருவிகளும் தோன்றிய வரலாறு. நான்காம் வகுப்பிலே நல்லொழுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்தோர் வரலாறு. ஐந்தாம் வகுப்பிலே பல நாட்டு மக்களின் வழக்கங்களும் ஆசாரங்களும். ஆறாம் வகுப்பிலே உலக சரித்திரம்; அதனுள்ளே சிறப்பாகத் தத்தம் நாட்டின் சரித்திரம். ஒவ்வோர் ஆண்டின் சரித்திரமும் அவ்வாண்டின் தலைமைப் பாடத்துக்குத் துணையாக நிற்பதை நாம் கவனிக்க வேண்டும். கணிதம் பயிலும் ஆண்டிலே கருவிகளின் கதை. ஒழுக்கம் பயிலும் ஆண்டிலே ஒழுக்கமுடையோர் கதை. அரசர் பெயரும் ஆண்டுக்கணக்கும் மட்டுமே சரித்திரம் என்றிருந்தால் இத்தகைய இணைப்பு ஏற்பட்டிருக்குமா?

நேரசூசியையும் அவர் விட்டுவிடவில்லை. நாளொன்றுக்கு நான்கு மணிநேரமே வகுப்புப் பாடம். காலையில் இரண்டு மணிநேரம் அவ்வகுப்பின் தலைமைப் பாடத்துக்கு உரியது. அப்போது மூளை தெளிவாக இருக்கும். பிற்பகலின் முதல் மணிநேரம் சரித்திரத்துக்கு. இரண்டாவது மணிநேரம் எழுத்து, பேச்சு, கைவேலைப் பயிற்சிகளுக்கு. பகற்போசனத்தின் பின் சோர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கதைபோற் செல்லும் சரித்திரமே ஏற்றது என்பதை இம்முறை தெளிவாகக் காட்டுகின்றது. எஞ்சிய நேரம் விளையாட்டுக்கும் வீட்டுக்கும் உரியது. இரவிலும் அதிகாலையிலும் பிள்ளைகளைத் தனிப்பாட வகுப்புக்கு ஓட்டும் பெற்றோர் இப்பகுதியை இருமுறை படித்தல் நன்று.

புகழ் தந்த சிறு நூல்

லெஸ்னோவிலே பள்ளியாசிரியராகப் பணிபுரிந்துகொண்டே 1631ஆம் ஆண்டிலே அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மொழிகளின் திறந்த வாயில் என்பது அதன் பெயரின் கருத்து. ஏறக்குறைய 8,000 சொற்களை 1,000 வாக்கியங்களிலே அமைத்து, அவ்வாக்கியங்களை 100 அதிகாரங்களாகப் பகுத்திருந்தார். உலகத் தோற்றம், நெருப்பு, நீர், மரஞ்செடிகள், விலங்குகள், மனித உடம்பு, கைத்தொழில்கள், குடும்பம், நகரம், அரசு, நல்லொழுக்கம் என்று அவ்வதிகாரங்கள் செல்லும். ஒரு பக்கம் தாய்மொழி, மறுபக்கம் இலத்தீன். சொல்லைக் கற்கும் பிள்ளை அச்சொல் குறிக்கும் பொருளையும் உடன் கற்றது. அந்நூல் சில ஆண்டுகளுக்குள்ளே ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் வெளிவந்து, நாடிழந்த குருவின் பெயரை எங்கும் பரப்பியது. அது சிறு பிள்ளைகளுக்குக் கடினமெனக் கண்டு, 1633இலே அதற்கு முன்படியாக முன்றில் என்னும் கருத்துடைய பெயரோடு மற்றொரு நூல் செய்தார். முன்றில், வாயில், கூடம் என்று வீட்டினுள்ளே ஒருவனைப் படிப்படியாக அழைத்துச் செல்வதுபோலவே தம் பாடநூல்களுக்கு அவர் பெயரிட்டார்.

புகழ் வந்ததும் அழைப்புகளும் வந்தன. இங்கிலாந்திலுள்ள நண்பர்கள் அழைத்ததனால் 1641இலே இலண்டன் சென்றார். அங்கே அறிஞர்கள் கூடியிருந்து எல்லாக் கலைகளையும் ஒன்றுசேர்க்கும் கலாசாலை ஒன்று அமைப்பதாக இருந்தது. உள்நாட்டுப் போர் வந்தது, திட்டம் நின்றது. 1642இலே சுவீடன் தேசத்துக்குச் சென்றார். அத்தேசத்து மந்திரியார் ஒக்சன்ஸ்ரியேர்ணா அவரோடு பலமணிநேரம் உரையாடி, தம் நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடநூல் எழுதித் தருமாறு கேட்டார். கொமேனியஸின் மனமோ எல்லா அறிவையும் ஒன்றுபடுத்தும் பெருநூலிலே நாட்டங்கொண்டிருந்தது. எனினும் சுவீடனின் உதவியினாலே தம் மக்கள் நாடு திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு எல்பிங் என்னும் நகரிலே ஆறாண்டு இருந்து பாடநூல் எழுதினார். 1648இலே சமாதான உடன்படிக்கை ஆயிற்று. அதிலே செக் அகதிகளுக்கு ஊர்திரும்ப வழியில்லை. அவர் இரண்டாம் மனைவியும் அவ்வாண்டிலேயே காலமானார்.

ஏழில் மூன்று

1650இலே ஹங்கேரி தேசத்துச் சாரோஸ்பதக் என்னும் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அந்நகரை ஆண்ட றாக்கோட்சி குடும்பத்து இளவரசி சுசன்னா, தம் பாதுகாப்பிலிருந்த பள்ளியைப் புதுக்கித் தருமாறு அவரை வேண்டினார். இதுகாறும் ஏட்டிலே கிடந்த திட்டத்தைக் கட்டடமாகவும் வகுப்பாகவும் காணும் வாய்ப்பு அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதிலே வந்தது.

அங்கே அவர் ஏழு வகுப்புகள் கொண்ட பள்ளியொன்றைத் திட்டமிட்டார். முன்றில், வாயில், கூடம் என்பன முதல் மூன்றும். தத்துவம், தருக்கம், அரசியல், இறையியல் என்பன மேல் நான்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அறை, தனி ஆசிரியர், அவ்வாண்டுக்கென்றே எழுதப்பட்ட தனி நூல். அறைச் சுவர்களிலே அவ்வகுப்பின் பாடத்துக்கேற்ற சித்திரங்கள் எழுதப்பட வேண்டும். பிள்ளை பாராமலே பாடம் அவன் கண்ணிலே படவேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவ்வேழு வகுப்புகளுள் மூன்றே தொடங்கப்பெற்றன. முன்றில் வகுப்பும் வாயில் வகுப்பும் 1651இலே தொடங்கின. கூடவகுப்பு 1652இலே தொடங்கியது. மேல் நான்கும் தொடங்கவேயில்லை. காரணம் பல. துணைநின்ற இளவரசர் சிகிஸ்மண்டு 1652இலே இளவயதிலே இறந்தார். புதிய நூல்களைக் கையாளும் ஆசிரியர் போதவில்லை. இருந்த ஆசிரியருட் பலர் பழைய முறையை விட விரும்பவில்லை. திட்டம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், அதனை நடத்தும் ஆசிரியரின் மனம் அதிலே ஒன்றாவிட்டால் அது ஏட்டுச்சுரைக்காயாகவே முடியும் என்பதற்கு இது தக்க சான்று.

ஆயினும் அந்நான்கு ஆண்டுகள் வீணாகவில்லை. பிள்ளைகள் பாடத்தை நாடகமாக நடித்துக் கற்கட்டும் என்று எண்ணி, வாயில் நூலின் பொருளையே எட்டு நாடகங்களாக அமைத்து அங்கே ஆடச் செய்தார். நாடகம் பள்ளிக்கு ஆகாது என்று முகஞ்சுளித்தோர், தம் பிள்ளைகள் மேடையிலே தடையின்றிப் பேசக் கண்டு மகிழ்ந்தனர். சித்திர உலகம் என்னும் நூலையும் அங்கேயே தொகுத்தார். ஏறக்குறைய 150 பாடங்கள். பாடந்தோறும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கம். கீழே அவ்விலக்கத்துக்கு நேரே சொல். படங்களைச் செதுக்கவல்லார் அங்கே இல்லாமையால், நூல் 1658ஆம் ஆண்டிலே யேர்மனியிலுள்ள நூரென்பேர்க்கு நகரிலேதான் அச்சாகி வந்தது. இன்று நம் சிறுவர் கையிலிருக்கும் படப்புத்தகங்கள் யாவும் அதன் வழிவந்தவை என்று கூறலாம்.

தீயும் முதுமையும்

1654இலே லெஸ்னோவுக்குத் திரும்பினார். இரண்டாண்டுக்குள்ளே போலந்துக்கும் சுவீடனுக்கும் போர் மூண்டது. கொமேனியஸ் சுவீடன் அரசரைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதியிருந்தார். அது போலந்து மக்களின் கோபத்தைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று. அடைக்கலந் தந்த நாட்டிலிருந்துகொண்டு அவ்வாறு எழுதியது விவேகமன்று என்றே நாமும் கூறுவோம். 1656ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே லெஸ்னோ நகர் எரியூட்டப்பட்டது. அவர் வீடும் எரிந்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாகத் தொகுத்துவந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும், எல்லா அறிவையும் ஒன்றுபடுத்தும் பெருநூலுக்கு எழுதிவைத்தவற்றுட் பெரும்பகுதியும் சாம்பராயின. அப்போது அவருக்கு வயது அறுபத்துநான்கு.

ஒல்லாந்து தேசத்து அம்ஸ்ரர்டாம் நகரிலே டி கேர் என்னும் செல்வக் குடும்பத்தார் அவருக்குப் புகலிடம் தந்தனர். 1658இலே யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனிக்கும் அம்ஸ்ரர்டாமே தலைமைத் தானம் என்பதை நம் வாசகர் அறிவர். ஒரே நகரிலிருந்து ஒருசாரார் நாடு பிடிக்கக் கப்பல் விடுத்துக்கொண்டிருக்க, நாடிழந்த முதியவர் ஒருவர் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கேதான் 1657இலே அவருடைய கல்வி நூல்கள் யாவும் ஒருங்கே திரட்டி அச்சிடப்பட்டன. உயிர் உள்ளவரை அவர் எழுதியது, மனித வாழ்வு யாவற்றையும் திருத்துவது பற்றிய பொது ஆலோசனை என்னும் பெருநூல். 1670ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆந் தேதி, எழுபத்தெட்டாவது வயதிலே காலமாகி, நார்டன் என்னும் ஊரிலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. நாட்டு விடுதலை அண்மித்துவிட்டது என்று சொன்ன தீர்க்கதரிசனங்களை எளிதிலே நம்பி, அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். அதனாலே பின்வந்தோர் சிலர் அவரை எள்ளினர். நூல் செம்மையாக இருந்தால் ஓர் ஆசிரியர் நூறு பிள்ளைகளையும் ஒருங்கே கற்பிக்கலாம் என்று கருதினார். வகுப்பறையை அறிந்தோர் அதனை ஒப்பமாட்டார். ஆயினும் அவர் பெயர் மறையவில்லை. பெரும் போதனா நூலின் செக் மொழிப் பிரதி 1841இலே லெஸ்னோவிற் கண்டெடுக்கப்பட்டது. பொது ஆலோசனையின் கையெழுத்துப் பிரதி 1930களிலே யேர்மனியின் ஹாலே நகரிலே வெளிப்பட்டு, 1966இலே பிராக் நகரிலே அச்சேறியது. செக் நாட்டிலும் சிலொவாக்கிய நாட்டிலும் அவர் பிறந்த மார்ச்சு 28ஆந் தேதியே ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? பாடவிதானம் என்பது புத்தகங்களை ஆண்டுகளுக்குப் பங்கிடுவதன்று. பிள்ளையின் பருவத்தையும் பாடத்தின் இயல்பையும் ஒருங்கே நோக்கி, முன்படி பின்படியைத் தாங்குமாறு கட்டுவதாகும். நம் திண்ணைப் பள்ளிகளிலும் ஆத்திசூடியிலே தொடங்கி நிகண்டு, நன்னூல் என்று ஏறிச்செல்லும் படிமுறை இருந்தது. நாவலர் பெருமானும் பாலபாடங்களை வகுப்புக்கேற்பவே இயற்றினார். ஆகவே இவ்வுண்மை நமக்குப் புதிதன்று, நாம் மறந்துவிட்டது.

நம் பாடசாலைகளிலே சரித்திரம் ஓராசிரியரிடம், இலக்கியம் இன்னோராசிரியரிடம், சமயம் வேறோராசிரியரிடம் இருக்கின்றது. மூவரும் ஓரறையிலே கூடியிருந்து, இவ்வாண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை சோழர் காலத்தைச் சரித்திரத்திலே கற்கும்போது இலக்கியத்திலும் சமயத்திலும் அக்காலத்து நூலையும் கோயிலையும் கற்றால் என்ன என்று பேசிக்கொள்வதுண்டா? அவ்வாறு பேசுவதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை ஒரு மணிநேரம் போதும். நம் சங்கத்தின் சமய வகுப்புகளிலேனும், எந்த வயதிலே எதனைக் கற்பிப்பது, சென்ற ஆண்டின் பாடம் இவ்வாண்டுக்கு எவ்வாறு தளமாகும் என்று பெரியோர்கள் அமர்ந்து ஒரு படிமுறை வகுத்தல் வேண்டும். வாலிபர்களுள் ஆசிரியத் தொழிலுக்குச் செல்வோர் இதனை மனத்திற் பதித்துக்கொள்க.

இன்னுமொன்று. கொமேனியஸ் வகுத்த ஏழு வகுப்புகளுள் நான்கு திறக்கப்படவில்லை. அவர் யாருக்காகத் திட்டமிட்டாரோ அம்மக்கள் அவர் உயிரோடிருக்க ஊர் திரும்பவுமில்லை. வீடு இரண்டு முறை சூறைபோயிற்று; நூல்கள் இரண்டு முறை எரிந்தன. அவர் ஒவ்வொரு முறையும் மறுபடி எழுத உட்கார்ந்தார். ஊரையும் வீட்டையும் புத்தகங்களையும் இழந்து மீண்ட நம்மவர்க்கு, 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு, இதன் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. இழந்ததை எண்ணி இருந்துவிடாமல், அடுத்த பிள்ளை எந்தப் படியிலே கால்வைக்கும் என்று எண்ணியவர் அவர். அவ்வெண்ணம் நம்முள்ளும் நிலைபெறுவதாக.